லேடெக்கில் கூட்டலும் கழித்தலும்: வினாத்தாள் தயாரிப்பவரின் அனுபவம்

கணித வினாத்தாள்களைப் பல ஆண்டுகளாக லேடெக்கில்தான் (கட்டளைகளை எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருள்) அச்சுக்கோக்கிறேன். சூத்திரங்கள் அழகாக வருகின்றன என்று கேள்விப்பட்டுத்தான் அதைத் தொட்டேன்; இன்றுவரை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. “21 முதல் 33 வரை உள்ள 13 வினாக்களில் எவையேனும் 10 வினாக்களுக்கு விடையளிக்கவும்” என்ற வரியைப் பாருங்கள். கடைசி நேரத்தில் ஒரு வினாவை நீக்கச் சொன்னால் (சொல்லாமல் இருக்க மாட்டார்கள்) அந்த ஒரே வரியில் இரண்டு எண்களாவது மாறியாக வேண்டும். அந்த வேலையை என் தலையிலிருந்து இறக்கி வைத்தவை கவுண்டர்களும் (எண்ணை வைத்திருக்கும் மாறிகள்) லேபிள்களும்தான் (வினாவின் எண்ணையோ பக்கத்தையோ வேறிடத்தில் குறிப்பிட உதவும் அடையாளப் பெயர்கள்).

எண்ணுவதில் லேடெக்கைக் குறை சொல்ல முடியாது. மதிப்பெண்ணுக்கென ஒரு கவுண்டரை உருவாக்கி, ஒவ்வொரு வினாவிலும் ‘ஆட்-டு-கவுண்டர்’ கட்டளையால் கூட்டிக்கொண்டே போகலாம். பட்டியலுக்குள் பட்டியல் என்று எவ்வளவு ஆழத்தில் கூட்டினாலும் தொகை வெளியே வந்துசேரும். அடித்தளமான டெக்கின் ‘அட்வான்ஸ்’ கட்டளை அப்படியல்ல. அது எந்தப் பட்டியலுக்குள் இருக்கிறதோ அந்தப் பட்டியல் முடிந்ததும் கூட்டிய தொகை பழைய நிலைக்கே போய்விடும். கவுண்டர் தாங்கும் உச்ச எண் 2,14,74,83,647. எந்தத் தேர்வின் மதிப்பெண்ணும் அதை எட்டப் போவதில்லை.

வகுத்தலில்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ‘கால்க்’ என்ற தொகுப்பில் (லேடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கட்டளைகளின் கோப்பு) 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, மீதி போய்விடும். ‘நம்-எக்ஸ்பிர்’ கட்டளையில் அதே கணக்குக்கு விடை 4. அது அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகும். 2022-இல் லேடெக்கின் உட்கருவிலேயே சேர்ந்த ‘இன்ட்-இவால்’ கட்டளையும் இரண்டாவது வழியில்தான் வகுக்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து எழுதுபவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

இனி லேபிள்கள். கடைசி வினாவின் எண் 33-லிருந்து முதல் வினாவின் எண் 21-ஐக் கழித்து 1-ஐக் கூட்டினால் 13. ஆனால் லேபிளின் எண்ணை அச்சிடும் ‘ரெஃப்’ கட்டளையை அப்படியே கணக்குக்குள் வைத்தால், எண்ணைக் காணவில்லை, பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறேன் என்று டெக் முறையிடும். ‘ரெஃப்’ தருவது அச்சிட வேண்டிய எழுத்தை. கூட்டிக் கழிக்கத்தக்க எண்ணை அல்ல. இதற்கு ‘ரெஃப்கவுண்ட்’ என்ற சிறிய தொகுப்பு உண்டு. அதன் ‘கெட்-ரெஃப்-நம்பர்’ கட்டளை எண்ணை மட்டும் உருவித் தரும், கணக்கும் ஓடும். வினா எண்ணோடு (அ), (ஆ) ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் உதவாது. அந்த இடங்களில் ‘இசட்ரெஃப்’ தொகுப்பைக் கொண்டு கவுண்டரின் மதிப்பைத் தனியாகச் சேமித்துக்கொள்கிறேன்.

லேபிள் சொல்வது எப்போதும் சென்ற கம்பைலின் (கோப்பை ஓட்டி ஆவணமாக்கும் ஒரு சுற்று) செய்தி. ‘ஆக்ஸ்’ கோப்பில் முன்பு எழுதி வைத்ததை இம்முறை படிக்கிறது, அவ்வளவே. முதல் கம்பைலில் அந்தக் கோப்பே இருக்காது. சாதாரண ‘ரெஃப்’ என்றால் இரண்டு கேள்விக்குறிகள் தடித்து நிற்கும், யார் கண்ணுக்கும் தப்பாது. ‘கெட்-ரெஃப்-நம்பர்’ சத்தமில்லாமல் பூஜ்யத்தைத் தரும். பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்தைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 1. “1 வினாக்களில் எவையேனும் 10” என்று தாள் நிற்கும்! பூஜ்யத்துக்குப் பதிலாக −1 தரும்படி மாற்றினாலும் கழித்தலில் அது அடிபட்டுப் போய் அதே 1-தான் வருகிறது. அந்தத் தொகுப்பிலேயே ‘ரெஃப்யூஸ்டு’ என்ற கட்டளை இருக்கிறது. லேபிள் இல்லாவிட்டால் எச்சரிக்கை தருவது அதன் வேலை. அதைச் சேர்க்காமல் லேபிள் கணக்கு எழுதுவதில்லை.

பக்க எண்ணில் வேடிக்கை அதிகம். எங்கள் தாள்கள் ஏ3 காகிதத்தில் அச்சாகி நடுவே மடிக்கப்படுபவை. ஆகவே பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தின் லேபிளைப் படித்து, குறையும் வெற்றுப் பக்கங்களைச் சேர்க்கலாமே என்று தோன்றும். ஐந்து பக்கத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லேபிள் 5 என்கிறது, மூன்று பக்கம் சேர்கிறது, அடுத்த கம்பைலுக்கு 8 என்று எழுதப்படுகிறது. 8 நான்கின் மடங்கு என்பதால் அடுத்த முறை எதுவும் சேராது. லேபிள் மீண்டும் 5 ஆகிவிடும். எத்தனை முறை கம்பைல் செய்தாலும் 5, 8, 5, 8 என்றுதான் ஊசலாடும். மீண்டும் ஓட்டுங்கள் என்ற லேடெக்கின் எச்சரிக்கையும் ஓயாது.

இந்த இடத்தில் லேபிளே தேவையில்லை. பக்கத்தை அங்கேயே முடிக்கும் ‘கிளியர்பேஜ்’ கட்டளையைக் கொடுத்துவிட்டு அந்த இடத்திலேயே பக்கக் கவுண்டரைப் பார்த்தால் போதும். அது அடுத்த பக்கத்தின் எண்ணைக் காட்டும், ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். பத்தியின் நடுவே அந்தக் கவுண்டரை நம்பக் கூடாது. பக்கம் எங்கே முறியும் என்பதை டெக் பிறகுதான் தீர்மானிக்கிறது. நான்கின் மடங்காக்க ‘கால்க்’ முறையில் பக்க எண்ணோடு 3-ஐக் கூட்டி 4-ஆல் வகுத்து, வந்ததை 4-ஆல் பெருக்க வேண்டும். ‘இன்ட்-இவால்’ என்றால் கூட்ட வேண்டியது 1 மட்டுமே. அங்கும் 3-ஐக் கூட்டினால் நான்கு பக்கத் தாளுக்கு மேலும் நான்கு வெற்றுப் பக்கங்கள் முளைக்கும்.

சராசரி, சதவீதம் போன்றவற்றை நான் இதில் செய்வதில்லை. அதற்கு விரிதாள் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் மொத்த மதிப்பெண்ணை முதல் பக்கத்தில் காட்டுவதற்கு மட்டும் ‘டாட்கவுண்ட்’ தொகுப்பைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு முறை கம்பைல் செய்தால் தொகை வந்து நிற்கும்.