மணிவாரி அட்டவணையா, வாரப் பட்டியலா?

கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே நேரத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒன்று, விடியற்காலை முதல் இரவு வரை கட்டம் போட்டு, ஒவ்வொரு மணிக்கும் ஒரு பாடத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கும் அட்டவணை. மற்றது, அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டியவற்றை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, முடிந்ததை அடித்துக்கொண்டே வரும் பட்டியல். கும்பகோணத்தை அடுத்த கிராமத்திலிருந்து தினமும் பேருந்தில் போய்வந்து படித்த நான், இரண்டையும் கையாண்டு பார்த்த பிறகு பட்டியலையே வைத்துக்கொண்டேன்.

அட்டவணையின் பலம் எல்லோரும் அறிந்ததுதான். இன்ன மணிக்கு இன்ன பாடம் என்று முடிவாகிவிட்டால், எதை எடுப்பது என்ற தயக்கம் இருக்காது. சில வாரங்களில் அது பழக்கமாகவும் படிந்துவிடும்.

ஆனால் ஒரு நாள் குலைந்துபோனால் மறுநாள் எவ்வளவு எளிதாக மீள முடியும் என்பதே இரண்டுக்கும் இடையே முடிவு சொல்லும் கேள்வி. டெல்டாவில் நாள் குலையாத பருவம் குறைவு. நவம்பர் மாதப் பருவத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் குறுவை அறுவடை நடக்கிறது, சம்பா நடவும் நடக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில், நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, வாங்க முடியாது என்று சொல்லிவிட்டால், நெல்லைக் கொட்டிக் காயவைத்து, மேகம் கறுத்ததும் தார்ப்பாயை இழுத்து மூட வீட்டில் ஆள் வேண்டும். கல்லூரி விட்டு வந்த பிள்ளையைத்தான் அனுப்புவார்கள். அன்று மாலை ஆறு முதல் ஒன்பது வரையிலான கட்டங்கள் மூன்றும் வீணாகும். மறுநாள் அவற்றை எங்கே செருகுவது என்று யோசித்தால் அடுத்தடுத்த கட்டங்கள் இடம்பெயரும்; இரண்டு முறை இப்படி நேர்ந்தால் அட்டவணையையே புதிதாக எழுத வேண்டியிருக்கும். பட்டியலில் இந்தச் சிக்கல் இல்லை. அடிக்கப்படாத வரி அப்படியே இருக்கும், அதை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பட்டியலை எழுதும் விதம் மிக முக்கியம். ‘அலகு 2 படிக்க வேண்டும்’ என்று எழுதினால் அது முடிந்ததா இல்லையா என்பது ஒருபோதும் தெரியாது. ‘அலகு 2-இல் ஐந்து மதிப்பெண் வினாக்கள் மூன்றுக்கு நோட்டைப் பார்க்காமல் விடை எழுத வேண்டும்’ என்று எழுதினால் முடிந்தது கண்ணுக்குத் தெரியும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் புரட்டுவது ஏன் போதாது என்பது இதிலேயே விளங்கும்.

ஒவ்வொரு வரியையும் 25 நிமிடப் படிப்பு, ஐந்து நிமிட ஓய்வு என்று பிரித்துக்கொள்வது எனக்கு உதவியது. 1980-களின் இறுதியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கிய பொமொடோரோ முறை இது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்த நாள்களில், நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்த தாளை எடுத்து, முந்தைய நாள் எழுதிய விடையின் தலைப்புகளை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன்; கூட்டத்தில் நின்றுகொண்டே போனாலும் அதைச் செய்ய முடியும்.

பட்டியலுக்கும் ஒரு குறை உண்டு: பிடிக்காத பாடம் வாரம் தவறாமல் கடைசி வரியிலேயே தங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை புதுப் பட்டியல் எழுதும்போது, சென்ற வாரம் தங்கிப்போனதை முதல் வரியாக வைப்பதுதான் நான் கண்ட தீர்வு.

விடுதியில் தங்கிப் படிப்பவர்களின் நாள் இவ்வளவு குலைவதில்லை என்பதால் அவர்களுக்கு அட்டவணையே ஒத்துவரலாம். அந்த வாழ்க்கையை நண்பர்கள் சொல்லித்தான் அறிவேன். ஆய்வக வேலை மிகுந்த பாடப்பிரிவுகளைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ரெக்கார்டு நோட்டுக்கு மட்டுமாவது வாரத்தில் ஒரு மாலையை நிலையாக ஒதுக்குவது அப்பிரிவுகளில் படிப்பவர்களுக்குத் தேவைப்படும் என்று தோன்றுகிறது.