நிரந்தர கேம் மாஸ்டரா, முறைவைத்து நடத்துவதா? சேலத்துக் குழுவொன்றின் அனுபவத்திலிருந்து

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் ஆட்டக்காரர்களுக்கும், கதையுலகை அமைத்து ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கும் (ஜி.எம்.) இடையே வரும் மனத்தாங்கல் எத்தனையோ நல்ல குழுக்களைக் கலைத்திருக்கிறது. அதைச் சமாளிக்க மூன்று ஏற்பாடுகள் நடைமுறையில் உள்ளன. ஒருவரே நிரந்தரமாக ஜி.எம். ஆக இருந்து அவர் சொல்லையே முடிவாகக் கொள்வது முதல் வகை, ஆளுக்கொரு அத்தியாயம் என்று முறைவைத்து நடத்துவது இரண்டாம் வகை, ஜி.எம். என்பவரே இல்லாத விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது மூன்றாம் வகை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நண்பரொருவர் வீட்டு மாடியில் கூடும் எங்கள் குழு முதலாவதில் தொடங்கி இரண்டாவதற்கு மாறியது. மூன்றாவதை ஏற்காட்டில் மழைக்கு அடைபட்டுக் கிடந்த வார இறுதிகளில் மட்டும் ஆடிப் பார்த்தது. மாறியவன் எழுதும் ஒப்பீடு என்பதால், சாய்வு இரண்டாவதன் பக்கம்தான் இருக்கும்.

நிரந்தர ஜி.எம். முறைக்கு உள்ள சாதகங்களைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்த நாள் தொட்டு இதுவே வழக்கமான ஏற்பாடு. உலகம் ஒருவர் மனத்தில் இருப்பதால் முரண்பாடு குறைவு, இரகசியங்கள் இரகசியமாகவே இருக்கும், நடுவில் சந்தேகம் வந்தால் ஒரு வார்த்தையில் தீர்ப்பு கிடைத்துவிடும். பல மாதங்கள் நீளும் தொடர்கதைக்கு, அதாவது கேம்பெய்னுக்கு, இதைவிட வசதியானது இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

சண்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் விதிகளைக் கைகாட்டுவார்கள். விதிச் சண்டை உண்மையில் சில்லறை விஷயம். இருபது முகப் பகடையில் 20 விழுந்ததும் 'அரசரே கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தாக வேண்டும்' என்று ஓர் ஆட்டக்காரர் துள்ளுவார். தாக்குதலுக்குத்தான் 20 என்பது தானாக வெற்றி, பேச்சுத்திறன் சோதனைக்கு அப்படி எதுவும் இல்லை என்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பின் விதிகளை எடுத்துக் காட்டினால் அடங்கிவிடுவார். நெருப்புக் கோள மந்திரத்தின் இருபதடி ஆரத்துக்குள் நம் ஆளும் நின்றானா என்ற வழக்கும் அப்படித்தான். கட்டங்களை எண்ணினால் தீர்ந்தது. ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து எதிர்பார்ப்புகளைப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையும் சரியானதே, அதை எந்த முறையிலும் செய்யலாம்.

தீராத சண்டைக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு கூடுகைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் யார் உழைக்கிறார் என்பதுதான் அது. மூன்று முறைகளையும் நான் இந்த ஒன்றை வைத்தே எடை போடுகிறேன்.

ஏற்காட்டுக் கரடிக் குகையை மாதிரியாக வைத்து எங்கள் ஜி.எம். ஒரு நிலவறையை வரைந்திருந்தார். கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஐந்தடி என்ற கணக்கு, காபிச் செடிகளுக்கு நடுவே மறைந்த நுழைவாயில், உள்ளே கிளை பிரியும் சுரங்கங்கள், ஒவ்வோர் அறையிலும் யார் காவல் இருக்கிறார்கள் என்று ஓரத்தில் பென்சில் குறிப்பு, கடைசி அறையில் இருக்கும் பூதம் பேசுவதற்குத் தனியாக எழுதி வைத்த வசனம் என்று எல்லாம் தயாராக இருந்தன. ஆட்டக்காரர்களோ வாசலைப் பார்த்ததும், உள்ளே போவானேன், புகை மூட்டினால் இருப்பதெல்லாம் தானே வெளியே வந்துவிடும் என்று முடிவெடுத்தனர். நல்ல யோசனை. ஜி.எம். காற்று எதிர்த்திசையில் அடிப்பதாகச் சொன்னார். காற்று திரும்பும்வரை காத்திருக்கிறோம் என்றபோது விறகெல்லாம் ஈரம் என்றார். எண்ணெய் இருக்கிறது என்றபோது குகைக்குப் பின்வாசல் ஒன்று முளைத்தது. அதற்குப் பிறகு யாரும் யோசனை சொல்லவில்லை. தட்டுவடை செட் தட்டுதான் கைமாறிக்கொண்டிருந்தது.

விதிப்படி அவர் செய்தது எதுவும் குற்றமில்லை. காற்றின் திசையைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது. ஆனால் வேலை முடிந்து வந்த இரவுகளில் தூக்கத்தை விட்டு வரைந்த படம் திறக்கப்படாமலே மூடப்படுவதை, விருந்து சமைத்தவர் சாப்பிடாமல் இலையை மூடுபவரைப் பார்ப்பது போலத்தான் அவரால் பார்க்க முடிந்தது. எதிரே இருந்தவர்களுக்கு அந்த உழைப்பு கண்ணில் படவில்லை; அவர்கள் கண்டது தங்கள் யோசனைகள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கழிக்கப்படுவதை மட்டுமே. உழைப்பு முழுவதும் ஒருவர் தலையில் இருக்கும்வரை இந்தப் பார்வை வேறுபாடு நீங்காது. நிரந்தர ஜி.எம். எவ்வளவு பெருந்தன்மையானவராக இருந்தாலும், மாதங்கள் செல்லச் செல்ல உலகம் அவருடைய சொத்தாகவும் மற்றவர்கள் அதில் விருந்தாளிகளாகவும் ஆகிவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம் இதனோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் குழுவில் மூத்தவர்தான் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கியிருப்பார், அவரே ஜி.எம். ஆகவும் இருப்பார். 'அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று இளையவர்கள் வாய் திறக்காமல் இருந்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொருவராக வேலை இருக்கிறது, ஊருக்குப் போகிறேன் என்று வராமல் நின்றுவிடுவார்கள். அங்கே சண்டையே நடந்திருக்காது, ஆனால் குழு போயிருக்கும்.

முறைவைத்து நடத்துவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1987-இல் வெளிவந்த ஆர்ஸ் மாஜிக்கா என்ற விளையாட்டு இதைத் தன் அமைப்பிலேயே வைத்திருந்தது. மந்திரவாதிகள் அனைவரும் ஒரே இருப்பிடத்தில் வாழ்வார்கள். கதையை நடத்துபவரின் மந்திரவாதி அந்த முறை மட்டும் வெளியே வராமல் தன் ஆய்வுக்கூடத்தில் தங்கிவிடுவார். நாங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை விடாமல் இந்த உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டோம். எங்கள் கதையில் எல்லோரும் மலையடிவாரச் சத்திரமொன்றைச் சேர்ந்தவர்கள். நடத்துபவரின் கதாபாத்திரம் அந்த முறை சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பதால், புத்தகம் வைத்திருப்பவரே நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது.

மாற்றம் எங்கே தெரிந்தது என்றால், குழுவிலேயே இளையவர், ஜி.எம். தன் குறிப்புகளை மறைக்க வைக்கும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தபோது. பழைய ஜி.எம். அவரைப் பார்த்து, 'தம்பி, நான் கூரை வழியா இறங்கலாமா?' என்று அனுமதி கேட்டார். 'இறங்கலாம்ணா, ஆனா ஓடு பழசு' என்று பதில் வந்தது. பகடையில் 4 விழுந்தது, ஓடு உடைந்தது, அண்ணன் அடுப்புக்குள் விழுந்தார். தயாரித்து வைத்த முன்வாசல் காட்சி வீணாய்ப் போனதும் தம்பி முகத்தில் ஒரு கணம் வந்துபோன ஏமாற்றத்தை அந்த மேசையில் அண்ணனைத் தவிர வேறு யாரும் அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருக்க முடியாது. இருபக்கமும் உட்கார்ந்தவர்களுக்கு எதைத் தட்ட வேண்டும், எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது தானாகப் பழகிவிடுகிறது. எவரும் இரண்டு மூன்று கூடுகைகளுக்கான சரக்கை மட்டும் தயாரித்தால் போதும் என்பதால், வரைந்ததைக் காட்டியே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் குறைகிறது.

குறைகளும் உண்டு. ஒருவர் தாராளமாகக் கொடுத்த மந்திர வாளை அடுத்தவர் சுமக்க வேண்டியிருக்கும். போன அத்தியாயத்தில் இறந்த வணிகர் இந்த அத்தியாயத்தில் கடை திறந்திருப்பார். இதற்காக நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். அன்று நடத்துபவர் சொல்வதே அன்றைய தீர்ப்பு. ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அதை விவாதித்து, ஒத்துக்கொண்டதை நோட்டில் எழுதுவோம். எழுதியது அடுத்து நடத்துபவரையும் கட்டுப்படுத்தும். நோட்டு எப்போதும் நடத்தாதவர் ஒருவரிடம் இருக்கும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் சுழற்சி முறை குழப்பத்தில் முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஜி.எம். இல்லாத விளையாட்டுகளில் 2009-இல் வந்த ஃபியாஸ்கோ நல்ல உதாரணம். மூன்று முதல் ஐந்து பேர், முன்தயாரிப்பு எதுவும் வேண்டாம், ஒரே அமர்வில் கதை முடியும். தயாரிப்பே இல்லாததால் மேலே சொன்ன மனத்தாங்கலுக்கும் இடமில்லை. ஏற்காட்டில் பனி இறங்கி வெளியே போக முடியாத மாலையில் இதற்கு ஈடில்லை. ஆனால் வாயாடி ஒருவர் இருந்தால் ஆட்டம் அவர் கைக்குப் போய்விடுகிறது, தடுக்க நடுவர் கிடையாது. அமர்வுகள் தாண்டி நீளும் கதைகளுக்கு இந்த வகை எப்படி ஒத்துவரும் என்பதைப் பற்றி அழுத்தமாகச் சொல்லும் அளவுக்கு நாங்கள் ஆடியதில்லை. ஜி.எம். பகடையே உருட்டாத அபோகலிப்ஸ் வேர்ல்ட் போன்ற விளையாட்டுகளும் இருக்கின்றன. திரைக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொன்னாரோ என்ற சந்தேகம் அங்கே எழாது. எங்களுடைய சிக்கல் அதுவாக இல்லாததால் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

எல்லோருமே புதியவர்களாக இருந்தால், விதிகள் கைக்குப் பழகும்வரை ஒரு சாகசத்தையாவது ஒருவரே நடத்தி முடிப்பது நல்லது. முறைவைப்பதை அதன்பின் தொடங்கலாம். எத்தனை சொன்னாலும் நடத்தக் கூச்சப்படுபவர் எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார், அவரை வற்புறுத்தக் கூடாது. எங்களில் அப்படிப்பட்டவரிடம்தான் கணக்கு நோட்டு இருக்கிறது. கூடுவதற்கு முந்தைய நாள் அடுத்து நடத்துபவருக்கு நிலுவையில் உள்ள விஷயங்களைப் படமெடுத்து அனுப்புவது அவர் பொறுப்பு.