டேட்டா லாகர் பொருத்த வண்டியைக் கொடுக்கிறீர்களா? ஆர்.பி.எம். வயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்

பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் டிராக் டே ஓட்டங்களுக்காக, ஓட்டத்தின் அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் கருவியைக் காரில் பொருத்தும் வேலையை வெளியில் கொடுக்க நினைப்பவர்கள், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது (ஆர்.பி.எம்.) என்பதைக் காட்டும் அந்த ஒற்றை வயர் எந்த இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் வண்டியைத் திரும்பப் பெற வேண்டாம். இந்த வேலையில் தேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வொர்க்‌ஷாப் என் காரில் செய்துவைத்ததையும், அதை மறைக்க அடுத்தடுத்துச் செய்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். அவர்களுடைய பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் பிடித்த குறுக்குவழி யாரும் பிடிக்கக்கூடியது என்பதால், பெயரைவிட அதன் அடையாளங்களைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். அதன் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.விலிருந்து, மீட்டர் போர்டில் ஆர்.பி.எம். காட்டும் டேக்கோமீட்டருக்குச் செல்லும் வயரில், இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு துடிப்புகள் வரும். சுழியத்துக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும் சுத்தமான சதுர அலை அது. லாகரின் கையேடு கேட்பதும் அப்படிப்பட்ட சிக்னலைத்தான். ஆகவே, டேக்கோமீட்டர் வயரிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். வேலை முடிந்து வந்த பில்லில் "டேக்கோ சிக்னல் இணைப்பு, ஷீல்டு கேபிள் உட்பட" என்றும், மீட்டர் போர்டைக் கழற்றி மாட்டியதற்கான கூலி என்றும் தனித்தனி வரிகள் இருந்தன.

முதல் சந்தேகம் லாகரின் கோப்பைத் திறந்தபோதே வந்தது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் என் காரில் 7000-இல் வெட்டும்; லாகரிலோ அந்த இடங்களிலெல்லாம் கோடு 6770-ஐ ஒட்டியே நின்றது. கூடவே, குளிர்ந்த இன்ஜின் முன்பு போல உடனே பிடிக்காமல், ஸ்டார்ட்டர் கூடுதலாகச் சுற்றிய பிறகே உயிர்பெற்றது. வொர்க்‌ஷாப்பில் கேட்டபோது, எல்லா லாகரும் சற்றுக் குறைத்தே காட்டும் என்றும், ஸ்டார்ட்டிங் பிரச்சினைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும், அது பேட்டரி விஷயம் என்றும் பதில் வந்தது.

இரண்டுக்கும் ஒரே காரணம்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. பல கார்களில் உள்ளதைப் போலவே என் காரின் கிராங்க் சக்கரத்திலும் 60 பற்களுக்கான இடமும், அடையாளத்துக்காக இரண்டு பற்கள் நீக்கப்பட்ட இடைவெளியும் உண்டு. ஆக, ஒரு சுற்றுக்கு வரும் துடிப்புகள் 58. லாகரில் ஒரு சுற்றுக்கு 60 என்று பதிந்துவிட்டால், 7000 என்பது 58-ஆல் பெருகி 60-ஆல் வகுபட்டு 6767 ஆகிவிடும். கையில் காகிதமும் பேனாவும் இருந்தால் போதும், அந்தக் கோடு டேக்கோமீட்டர் வயரிலிருந்து வரவில்லை, இந்தப் பற்கள் கடப்பதை உணரும் கிராங்க் சென்சாரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். லாகர் பொருத்துவதைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

அதிக வேகத்தில் கோடு முட்கள் போலக் குத்திட்டு நிற்பதையும் காட்டினேன். அதற்கு அவர்கள் செய்த வைத்தியம், லாகரின் மென்பொருளில் ஃபில்டரைக் கூட்டிவைத்தது. முட்கள் மறைந்தன, கூடவே உண்மையும் மறைந்தது. கியர் மாற்றும் கணத்தில் செங்குத்தாக விழ வேண்டிய ஆர்.பி.எம். கோடு, சோம்பலாகச் சரிந்து இறங்கத் தொடங்கியது. எந்த இடத்தில் கியர் மாற்றினேன், எவ்வளவு நேரம் வீணானது என்பதைப் பார்ப்பதற்காகவே லாகர் வாங்கிய எனக்கு, அந்த ஒரு தகவலைத்தான் அது தரவில்லை.

இதுவரை நடந்தது பணமும் நேரமும் போன கதை. அடுத்து நடந்ததைத்தான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நீண்ட வளைவின் முடிவில், ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுத்தியிருக்கையில், இன்ஜின் ஒரு கணம் அடியோடு வெட்டி, மறுபடியும் பிடித்தது. வளைவில் பாரம் பின்சக்கரங்களின் மேல் இருக்கும் வேளையில் உந்துவிசை சட்டென்று நின்றால், பாரம் முன்னால் பாய்ந்து வண்டியின் பின்புறம் விலகப் பார்க்கும். என் பின்னால் வந்தவர் போதிய இடைவெளி விட்டிருந்ததால் மட்டுமே அது விபத்தாகவில்லை. இ.சி.யு.வில் பி0339 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தது. கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் விட்டுவிட்டுக் கோளாறு வருகிறது என்பது அதன் பொருள். அதே வொர்க்‌ஷாப் அந்தக் குறியீட்டை என்னிடமே காட்டி, சென்சார் பழுதாகிவிட்டது என்று சொல்லி, புதியதை மாற்றி, அதற்கும் பில் போட்டது. பழைய சென்சாரைத் திருப்பிக் கேட்டபோது குப்பையில் போய்விட்டது என்றார்கள். சென்சார் மாறியது, வெட்டுவது நிற்கவில்லை.

பிறகு, நம்பிக்கையான வேறொரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொடுத்து, நானும் கூடவே நின்றேன். மீட்டர் போர்டின் திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடயமே இல்லை. பானெட்டைத் திறந்து, இன்ஜின் பக்கவாட்டில் போகும் வயர்க் கட்டில் (ஹார்னஸில்) புதிதாகச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை அவர் மெல்ல உரித்தார். உள்ளே கிராங்க் சென்சார் கேபிளின் வெளி உறை ஒரு விரல் நீளத்துக்குக் கத்தியால் கீறப்பட்டு, வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டாக இருந்த பின்னல் கம்பி ஒதுக்கி வெட்டப்பட்டிருந்தது. அதற்குள் சிக்னல் வயரின் மேல், கார் ஸ்டீரியோ மாட்டுபவர்கள் பயன்படுத்தும் நீல நிறக் கவ்வும் கிளிப் ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. கிளிப்பை எடுத்துப் பார்த்தால், செம்பு இழைகளில் பாதி அறுந்து கிடந்தன. அங்கிருந்து கிளம்பிய சாதாரண ஒற்றை வயர் இக்னிஷன் காயில்களை உரசியபடியே சென்று கேபினுக்குள் நுழைந்தது. பில்லில் எழுதியிருந்த ஷீல்டு கேபிள் எங்கேயும் இல்லை.

இது ஏன் ஆபத்து என்பதைச் சற்று விளக்க வேண்டும். என் காரில் இருப்பது காந்தமும் கம்பிச்சுருளும் மட்டுமே கொண்ட சென்சார். அது தரும் மின்னழுத்தம் சக்கரத்தின் வேகத்தைப் பொறுத்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மிகச் சிறிதாகவும், வேகம் ஏற ஏறப் பெரிதாகவும் இருக்கும். அந்தச் சிறிய சிக்னலில் லாகரையும் தொங்கவிட்டால், இ.சி.யு.வுக்குப் போய்ச் சேருவது இன்னும் குறைகிறது. ஸ்டார்ட்டிங் தாமதமானதற்குக் காரணம் அது. மறுபுறம், 7000 சுற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 6800 பற்கள் சென்சாரைக் கடக்கின்றன. காயில்களின் அருகே போகும் ஷீல்டு இல்லாத வயர் ஆன்டெனாவாக மாறி, இரைச்சலை அந்தச் சிக்னலுக்குள் கொண்டுவந்து சேர்க்கும், இ.சி.யு.வுக்குப் பல் எண்ணிக்கை தவறினால், கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரியாமல், பொறியையும் எரிபொருளையும் நிறுத்திவிடும். இதற்கு மாறாக, டேக்கோமீட்டர் வயரில் அதே வேகத்தில் வருவது விநாடிக்குச் சுமார் 233 துடிப்புகள்தான். அந்த வயரில் என்ன கோளாறு நேர்ந்தாலும் கெடுவது மீட்டர் முள்ளும் லாகரின் கோடும் மட்டுமே, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

டேக்கோமீட்டர் வயர் இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் பழைய வகை இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து எடுப்பது வழக்கம். அங்கே ஒவ்வொரு பொறியின்போதும் சில நூறு வோல்ட் வரை எழும்பும் என்பதால், அதைத் தாங்கும் உள்ளீடு லாகரில் இருக்கிறதா, இல்லாவிட்டால் இடையில் தகுந்த ரெசிஸ்டரோ அடாப்டரோ போடப்படுகிறதா என்று கேட்டாக வேண்டும். புதிய கார்களில், காரின் கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறும் இரட்டை வயர்த் தடமான கேன் பஸ்ஸிலிருந்து எடுப்பதே நேர்த்தியான வழி. ஆனால் அதிலும் கையை வைத்துக் கெடுப்பவர்கள் இருக்கிறார்கள்: இரு முனைகளிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கும் பஸ்ஸில், லாகரோடு வந்த மூன்றாவதையும் சேர்த்து மாட்டிவிடுவார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கேன் வயர்களுக்கும் இடையே அளந்தால் 60 ஓம்ஸ் அளவில் வர வேண்டும். 40 வந்தால் மூன்றாவது ஒன்று உள்ளே இருக்கிறது.

புதிய எலெக்ட்ரீஷியன் அறுந்த வயரைச் சால்டர் செய்து, ஷீல்டைச் சீராக்கி, மீட்டர் போர்டைக் கழற்றி டேக்கோமீட்டர் வயரிலிருந்து ஷீல்டு கேபிளை இழுத்து, அந்த ஷீல்டை லாகர் பக்கத்தில் மட்டும் எர்த்தில் இணைத்தார். லாகரில் ஒரு சுற்றுக்கு 2 என்று பதிந்து, ஃபில்டரையும் பழைய அளவுக்கே இறக்கினோம். லிமிட்டர் வெட்டும் இடத்தில் கோடு இப்போது 7000-இல் நிற்கிறது. ஸ்டார்ட்டிங் பழையபடி ஆனது. பி0339 திரும்ப வரவில்லை.

உரித்த டேப், கிளிப், பில், ஜாப் கார்டு எல்லாவற்றின் படங்களையும் அந்த வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். "எங்கிருந்து எடுத்தாலும் ஆர்.பி.எம். ஆர்.பி.எம்.தானே" என்று பதில் எழுதினார் உரிமையாளர். மீட்டர் போர்டைக் கழற்றாமலே அதற்குக் கூலி வாங்கியது பற்றியும், தேவையில்லாமல் மாற்றிய சென்சாரின் விலை பற்றியும் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. உங்கள் வண்டியை இப்படி ஒரு வேலைக்குக் கொடுத்தால், இணைப்பை டேப்பால் மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதையும், மாற்றும் உதிரிபாகத்தின் பழையது உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதையும் ஜாப் கார்டில் எழுதவையுங்கள். எழுத மறுத்தால் சாவியைக் கொடுக்காதீர்கள்.