பூஞ்சை பிடித்த வீடு: மெஷின் வாங்குவதா, சுவரை உடைப்பதா?

சென்னையில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். இரண்டு மழைக்காலமாக மகளுக்கு இரவானால் இருமல், விடியற்காலையில் மூச்சு விசிலடிக்கும். ஒருநாள் பீரோவை நகர்த்தினால், பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கரும்புள்ளிகள். விரல் பட்டதும் சுவரில் பூசிய புட்டி மாவாக உதிர்ந்தது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, "முதல்ல அந்த ஓதத்தை நிறுத்துங்க" என்றார்.

ஏர் பியூரிஃபையர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள ஹெப்பா ஃபில்டர் என்ற நுண்வடிகட்டி காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகளைப் பிடிக்கும். சுவரில் வளர்வதை ஒன்றும் செய்யாது. பூஞ்சைத் தடுப்பு பெயிண்டும் ஈரச்சுவரில் நிற்காது, குமிழ் விட்டு உரிந்துவிடும்.

உண்மையான போட்டி, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையருக்கும் கொத்தனாருக்கும்தான். மெஷினை உறவினரிடம் இரவல் வாங்கி ஒரு மாதம் ஓட்டினோம். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர்வது கடினம். எங்கள் அறையில் 78-லிருந்து 56-க்கு இறங்கியது. இருமலும் கொஞ்சம் தணிந்தது. ஆனால் தினமும் இரண்டு தடவை தொட்டியைக் கொட்ட வேண்டும், கதவு ஜன்னலை அடைத்தே வைக்க வேண்டும், கரண்ட் பில் தனி. இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் அதே மக்கல் வாடை. நாம் இந்தப் பக்கம் உறிஞ்ச, சுவர் அந்தப் பக்கம் குடித்துக்கொண்டே இருக்கிறது. எத்தனை வருஷம் இப்படிக் காவல் காப்பது?

சரி என்று உடைத்தோம். பாத்ரூம் சுவருக்குள் புதைத்த பைப்பின் எல்போ, அதாவது வளைவு இணைப்பு, கசிந்துகொண்டிருந்தது. மெஷின் விலையைப் போல இரண்டு மடங்கு செலவு. மகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுக்கொண்டுதான் பூச்சைச் சுரண்டினார்கள். காய்ந்தபடி சுரண்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்தால் போதும் என்றார் கொத்தனார். நான் விடவில்லை. செத்த பூஞ்சையும் அலர்ஜியைக் கிளப்பும், அதனால் பூச்சு முழுவதும் வெளியே போனது. செங்கல்லை ஐந்து வாரம் காயவிட்டு, அப்புறம்தான் புதுப் பூச்சு.

இப்போது மகள் இரவில் எழுவதில்லை. இன்ஹேலரும் தொடர்கிறது, ஆகவே பலன் முழுவதையும் சுவருக்கே எழுத மாட்டேன். வாடகை வீடு, மாடிவீட்டுக் கசிவு என்றால் கணக்கு வேறு. அந்த அனுபவம் எனக்கில்லை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.