உடை எடுக்கலாம், சலங்கை வேண்டாம்: ராமநாதபுரத்தில் ஒரு நாட்டிய வாடகைக் கடை

பரதம், ஒயிலாட்டம், கரகம் மூன்றும் ஒரே மேடை ஏறும் கல்லூரி நடனத் துறை ஆண்டு விழாவுக்கு எல்லாவற்றையும் மதுரையிலிருந்து வரவழைப்பது வீண் அலைச்சல். இந்தக் கடையிலேயே முக்கால்வாசி கிடைத்துவிடும். மீதிக் கால்வாசியில்தான் சிக்கல்.

பரத உடைகள் நன்றாக இருக்கின்றன. ஜாக்கெட், பேன்ட், முன்விசிறி (முன்பக்கம் கால்களுக்கு நடுவே விரியும் மடிப்புத் துணி), மேலாக்கு, இடுப்புத் துணி என ஐந்து உருப்படியும் எண் கட்டி ஒரே பையில் வருகின்றன. ஜாக்கெட்டின் இரு பக்கமும் உள்ளே துணி விட்டுத் தைத்திருப்பதால், தையலைப் பிரித்தால் ஓர் அளவு பெரியவருக்கும் பொருந்தும். விசிறியை மட்டும் கட்டிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். நின்று பார்த்தால் எல்லா விசிறியும் அழகுதான். முழங்காலை விரித்து முழுதாகக் குந்தும் முழுமண்டியில் உட்கார்ந்து பாருங்கள்; மடிப்பு போதாத விசிறி முழங்கால் விரியும்போது தையல் விட்டுவிடும்.

சலங்கைக்கு வருவோம். காலுக்கு 50 மணி, எண்ணிக்கை சரி. ஆனால் பாதி ஊமை. மணி பித்தளை, உள்ளே உருளும் குண்டு இரும்பு. கடற்காற்றின் உப்பு ஈரம் மணியின் வாய் வழியே புகுந்தால் குண்டு துருவேறி ஒட்டிக்கொள்ளும். பச்சை பூத்த மணிகளைக் கடையில் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரே உள்ளே இறங்கி மிச்சக் குண்டுகளையும் கெடுக்கிறது. மொத்தமாகக் குலுக்கினால் நல்ல மணிகளின் சத்தத்தில் ஊமை மணிகள் தெரியாது. ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டுங்கள். தோல்பட்டையைத் திருப்பி முடிச்சுகளையும் பாருங்கள். நூல் இற்றிருந்தால், காலைத் தட்டி ஆடும் தட்டடவிலேயே மணி கழன்று உருளும், பின்னால் வருபவர் வெறுங்காலில் மிதிப்பார். குருவின் கையால் வாங்கிக் கட்டவேண்டியதை வாடகைக்கு எடுப்பதே ஒரு மாதிரிதான் என்பது வேறு விஷயம்.

நெத்திச்சுட்டி, ராக்கொடி, சூரியன் சந்திரன் ஆகிய தலை நகைகளில் பழுதில்லை. ஒட்டியாணத்தின் கொக்கி தளர்வு; ஊக்கு கொண்டுபோங்கள். ஒயிலாட்டத் தலைப்பாகையும் கைத்துணியும் போதுமான அளவு உண்டு.

கரகச் செம்பு காலியாகத்தான் வரும். பச்சரிசி போட்டு எடை ஏற்றாவிட்டால் தலையில் நிற்காது. தேவிபட்டினம், மண்டபம் பக்கம் திறந்தவெளி மேடை என்றால் கிளி வைத்த உயரமான பூ அலங்காரத்தை வாங்காதீர்கள், காற்று சாய்த்துவிடும். குட்டையானதும் இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

உத்தரகோசமங்கையில் மரகத நடராசருக்குச் சந்தனம் களையும் மார்கழித் திருவாதிரையை ஒட்டி விழா வைத்தால் ஐப்பசியிலேயே முன்பணம் கட்டிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் முன் உடைகளை நிழலில் உலர்த்துங்கள். வியர்வை ஈரத்தோடு மடித்தால் சரிகை கறுக்கும், முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். சண்டை போடவும் முடியாது. ரசீதின் பின்பக்கம் அச்சடித்தே இருக்கிறது.