சிரிஞ்சுக்கா பஞ்சம்?

மகளுக்கு வயிற்றில் ஃபீடிங் டியூப். வாயால் விழுங்கினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் பாலும் மருந்தும் சிரிஞ்சால் அதன் வழியேதான். இந்த முறை ஊருக்கு வந்தபோது அவளுடைய சிரிஞ்சுகள் இருந்த பெட்டியை மட்டும் விமான நிறுவனம் வேறெங்கோ அனுப்பிவிட்டது. கைப்பையில் இருந்த ஒரே சிரிஞ்சின் பிஸ்டன் இறுகி, தள்ளினால் அசையவே இல்லை.

ஊரில் சிரிஞ்சுக்கா பஞ்சம்? மருத்துவமனையில் உடனே கொடுத்தார்கள். முனைதான் பொருந்தவில்லை. வெளிநாட்டு டியூப்புகளின் வாயில் இப்போது என்ஃபிட் என்ற திருகு இருக்கிறது. 2016-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 80369-3 தரம் அது. வயிற்றுக்குப் போக வேண்டிய பால் தவறுதலாக டிரிப்ஸ் வழியே ரத்தத்தில் ஏறி நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். அந்தத் தவறுக்கு இடமே இல்லாமல் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே கிடைத்ததோ பழைய கூம்பு முனை.

"குழந்தைக்கு என்ன பிரச்சினை?" என்றார் வரவேற்பில் இருந்தவர். பிரச்சினை குழந்தைக்கு இல்லை, சிரிஞ்சுக்கு என்றேன். "இவ்வளவு சின்னக் குழந்தைக்கா டியூப்?" என்பது அடுத்த கேள்வி. எண்டோஸ்கோப் வழியாக வயிற்றில் டியூப் வைக்கும் முறையை 1979-இல் க்ளீவ்லாந்தில் முதன்முதலில் செய்ததே ஒரு கைக்குழந்தைக்குத்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஓ.பி. சீட்டு போட்டார்கள். டியூட்டி டாக்டர் மூக்கு வழியாக டியூப் போட்டு, ஒரு நாள் அட்மிட் செய்யலாம் என்றார். வயிற்றில் ஒரு வழி திறந்திருக்கும்போது மூக்கில் இன்னொன்று எதற்கு? மதியம் கொடுக்க வேண்டிய பால் மாலைக்குத் தள்ளிப்போனது.

நாங்கள் வசிக்கும் வெளிநாட்டில் மாதாமாதம் சிரிஞ்சுப் பெட்டி வீட்டு வாசலுக்கே வந்துவிடும். நடுராத்திரியிலும் தொலைபேசியில் நர்ஸ் கிடைப்பார். இங்கிருந்து அவரை அழைத்தேன். புகார் எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். மருத்துவமனைக்குள் நின்றுகொண்டுதான் பேசினேன்.

கடைசியில் ஒரு மூத்த சிஸ்டர் வந்தார். வயிற்றில் டியூப்பின் வாயாக இருந்த பட்டனைத் தொடவில்லை. அதில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப்பைக் கையில் எடுத்தார். "இது மாதிரி இன்னொன்று வைத்திருக்கிறீர்களா அம்மா?" இருக்கிறது என்றதும் திருகு நுனியைக் கத்தரித்தார். கூம்பு முனையை உள்ளே செருகிப் பிளாஸ்டர் சுற்றினார். வயிற்று நீரைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பிறகு சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துப் பாலை அதன் போக்கில் இறங்க விட்டார். கண்ணீரே வந்துவிட்டது எனக்கு. அங்கே இதைச் செய்யும் துணிச்சல் ஒருவருக்கும் வராது. அந்தத் தரம் தடுக்க நினைப்பதும் இந்த மாதிரி ஒட்டுவேலையைத்தான் என்பதும் தெரியும். இரண்டு முனைகளையும் இணைக்கும் அடாப்டர் இருக்கிறது. டியூப் உள்ள குழந்தையோடு பயணம் செய்பவர்கள் நாலைந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் சிஸ்டரின் வேலைக்கு ஒரு வரி இல்லை. போடாத மூக்கு டியூப்புக்கு இருந்தது. அதை நீக்க வேறு கவுண்டராம், டோக்கன் தனியாம்.