பழைய டிவி, புதுப் பெட்டி: ஃபயர் ஸ்டிக், குரோம்காஸ்ட், மி பாக்ஸ், ஆப்பிள் டிவி... எது எங்கே மக்கர் பண்ணும்?

படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, நடுநடுவே திரை கறுத்துப்போகிறது என்றால் முதலில் திட்டு வாங்குவது டிவியில் இணையப் படங்களைக் காட்டும் பெட்டிதான். ஆனால் பெட்டி பழுதாவது அரிது. பெரும்பாலும் டிவிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை முறிந்திருக்கும். பெட்டியை மாற்றுவதற்கு முன் டிவியின் முதுகைப் பாருங்கள். எந்த ஆண்டு மாடல், எச்டிஎம்ஐ துளைகளின் பக்கத்தில் என்ன எழுத்து, யுஎஸ்பி எத்தனை ஆம்பியர். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி விடை கையில்.

ஒப்பீட்டுக்கு எடுத்திருப்பவை நான்கு: அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக் 4கே, கூகுள் டிவி உள்ள குரோம்காஸ்ட் 4கே (2020இல் வந்தது, 2024இல் கூகுள் தயாரிப்பை நிறுத்திவிட்டது, பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது), ஷாவ்மியின் மி பாக்ஸ் 4கே, 2022 மாடல் ஆப்பிள் டிவி 4கே.

மின்சாரம்

டிவியில் உள்ள யுஎஸ்பி 2.0 துளை 0.5 ஆம்பியர்தான் தரும், அதாவது 2.5 வாட். ஃபயர் ஸ்டிக்குக்கு 1 ஆம்பியர் வேண்டும். குரோம்காஸ்டோடு வரும் அடாப்டர் 7.5 வாட். டிவி யுஎஸ்பியில் செருகினால் இரண்டுமே லோகோ வரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். சில நேரம் நன்றாகவே ஓடி, 4கே படம் போட்டதும் விழும். இன்னொரு விளைவு பலருக்குப் பிடிபடுவதில்லை: ரிமோட்டில் பவர் அமுக்கினால் டிவி அணைகிறது, திரும்ப எழுவதில்லை. டிவி அணைந்ததும் யுஎஸ்பியிலும் மின்சாரம் நின்றுவிட்டது. ஸ்டிக்கே தூங்கிப்போனால் டிவியை யார் எழுப்புவது? சுவர் பிளக்கில் கூடவே வந்த அடாப்டரைப் போட்டால் இரண்டு வியாதியும் ஒன்றாகத் தீரும். ஆப்பிள் டிவிக்கு இந்தத் தொல்லையே கிடையாது, பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, வயரை நேராகச் சுவரில் செருகவேண்டியதுதான்.

4கே டிவி, ஆனால் 4கே வரவில்லை

கட்டண ஆப்களின் 4கே படத்துக்கு, பெட்டியில் இருந்து திரை வரை வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் எச்டிசிபி 2.2 என்ற பூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். 2013, 2014 வாக்கில் வந்த 4கே டிவிகள் சிலவற்றில் அது இல்லை, சிலவற்றில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளையில் மட்டும் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: யூடியூபில் 4கே வீடியோ போட்டுப் பாருங்கள். அது 2160பி (அதாவது 4கே) காட்டி, கட்டண ஆப் மட்டும் 1080பியில் நின்றால் சந்தேகம் இந்தப் பூட்டின் மேல்தான். துளையை மாற்றுங்கள். நடுவில் பழைய ஹோம் தியேட்டர் ஆம்பிளிஃபையர் இருந்தால் அதை ஒதுக்கி நேராக டிவியில் கொடுத்துப் பாருங்கள். டிவியிலேயே பூட்டு இல்லை என்றால் எந்தப் பெட்டியும் கைவிரித்துவிடும். அங்கே 4கே ஸ்டிக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

பல டிவிகளில் எச்டிஎம்ஐ துளையின் முழு வேகம் கம்பெனியிலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்'டை 'என்ஹான்ஸ்டு' ஆக்குவது. இதைப் போட்டதும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கினாலோ, இரண்டு விநாடிக்கு ஒருமுறை கறுத்தாலோ குற்றவாளி கேபிள். எச்டிஎம்ஐ 2.0க்கு 18 ஜிகாபிட் வேகம் வேண்டும், பழைய 1.4இன் எல்லை 10.2. 'பிரீமியம் ஹை ஸ்பீட்' கேபிள், முடிந்தவரை குட்டையாக.

இந்த இடத்தில் ஆப்பிள் டிவி மற்ற மூன்றையும் தாண்டுகிறது. அதன் வீடியோ அண்ட் ஆடியோ மெனுவில் 'குரோமா'வை (நிற விவரத்தின் அளவை) 4:2:0க்கு இறக்கினால் 4கே 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 காட்சி) பழைய 1.4 வேகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 60 ஹெர்ட்ஸை அந்த வடிவில் மட்டுமே ஏற்கும் டிவிகள் உண்டு, அவற்றுக்கு இது உயிர்காப்பு. ஃபயர் ஸ்டிக்கில் கலர் ஃபார்மட், கலர் டெப்த் என்று இரண்டு அமைப்பு உண்டு. இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ திரை வந்தால் ஆட்டோமேட்டிக்கை விட்டு ஆர்ஜிபி, பிறகு 8 பிட் என்று மாற்றிப் பாருங்கள்.

தவறான ரெசல்யூஷனைத் தேர்ந்து திரையே இருட்டாகிவிட்டால்? ஃபயர் ரிமோட்டில் மேல் அம்புக்குறியையும் ரீவைண்டையும் சேர்த்து 10 விநாடி அமுக்குங்கள்; ஒவ்வொரு ரெசல்யூஷனாகத் தானே மாறிக்கொண்டு வரும், படம் தெரிந்ததும் ஓகே சொல்லலாம். ஆப்பிளில் பேக் பொத்தானும் வால்யூம் குறைப்பும் 5 விநாடி. 20 விநாடிக்கு ஒன்றாக மாறும், பொறுமை வேண்டும். குரோம்காஸ்டை வேறு டிவியில் செருகி 1080பிக்கு இறக்கிக்கொண்டு வருவது நல்லது. பின்புறப் பொத்தானை அமுக்கி ஃபேக்டரி ரீசெட் செய்வது கடைசி வழி, எல்லா ஆப்பிலும் மறுபடி லாகின் செய்யவேண்டி வரும்.

கிரிக்கெட் ஏன் துள்ளுகிறது

நம் நாட்டு ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்கு. பெட்டிகள் வாங்கியவுடன் 60 ஹெர்ட்ஸில் நிற்கும். 50 காட்சியை 60 இடத்தில் நிரப்ப, ஐந்துக்கு ஒன்றை இரண்டு முறை காட்டியாக வேண்டும். கவர் டிரைவ் அடித்ததும் கேமரா பந்தின் பின்னால் ஓடுமே, அப்போது பாருங்கள்: பந்து எல்லைக்கோட்டை நோக்கிச் சறுக்காமல் தத்தித் தத்திப் போகும், பின்னால் விளம்பரப் பலகையின் எழுத்துகள் நடுங்கும். இணைய வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆப்பிளில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்' போட்டால் ஆப் ஒத்துழைக்கும்வரை தானாகவே சரியாகும். ஃபயரிலும் குரோம்காஸ்டிலும் அதே பொருளில் ஓர் அமைப்பு உண்டு, ஆனால் எந்த ஆப் மதிக்கும், எது மதிக்காது என்பது ஆப்புக்கு ஆப் மாறும். மேட்ச் நாளில் கையாலேயே 1080பி 50 ஹெர்ட்ஸ் வைத்துவிடுவது அலட்டல் இல்லாத வழி. முடிந்ததும் திரும்ப 60க்கு மாற்ற மறக்காதீர்கள்.

நிறம் வெளுத்தால்

எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் அளவில் காட்டும் முறை; டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸும் அதன் வகைகள். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது, எச்டிஆர்10 பிளஸ் உண்டு. எல்ஜியில் நேர்மாறு. ஃபயர் 4கே, குரோம்காஸ்ட், ஆப்பிள் மூன்றும் இரண்டையும் அறியும், டிவிக்கு ஏற்றதை அனுப்பும். மி பாக்ஸ் 4கேக்குச் சாதாரண எச்டிஆர்10 மட்டும்தான் தெரியும். குறைதான், ஆனாலும் சண்டை போட விஷயம் குறைவாக இருப்பதால் இந்த வகைத் தொல்லையும் அதில் குறைவு.

நெடுந்தொடரும் செய்தியும் வெளிறிப்போய்த் தெரிந்தால், பெட்டி எல்லாவற்றையும் எச்டிஆராக மாற்றி அனுப்புகிறது என்று பொருள். ஃபயரில் டைனமிக் ரேஞ்ச் அமைப்பை 'ஆல்வேஸ் எச்டிஆர்' விட்டு 'அடாப்டிவ்' ஆக்குங்கள். ஆப்பிளில் 4கே எஸ்டிஆர் (எச்டிஆர் இல்லாத சாதாரண வடிவம்) வைத்து 'மேட்ச் டைனமிக் ரேஞ்ச்' போடுங்கள். படம் தொடங்கும்போது ஓரிரு விநாடி திரை கறுப்பது அதன்பிறகு இயல்பு. வெளிச்சம் குறைந்த மலிவு டிவியில் எச்டிஆர் இருட்டாகவே தெரியும். அங்கே அதை மொத்தமாக அணைப்பதே நல்லது.

சத்தம்

படம் ஓடுகிறது, மெனு சத்தம் கேட்கிறது, திரைப்படத்தில் மட்டும் மௌனம். டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவத்தைப் பெட்டி அனுப்புகிறது, டிவியாலோ சவுண்ட்பாராலோ பிரிக்க முடியவில்லை. ஃபயரில் டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், ஆடியோ என்று போய் 'பெஸ்ட் அவைலபிள்' இருந்த இடத்தில் பிசிஎம் (எல்லா டிவிக்கும் புரியும் சாதாரண ஒலி வடிவம்) வையுங்கள். ஆப்பிளில் ஆடியோ ஃபார்மட், 'சேஞ்ச் ஃபார்மட்', டால்பி டிஜிட்டல் 5.1 அல்லது ஸ்டீரியோ. ஆப்டிகல் வயர் வழி சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் டிஜிட்டல் பிளஸ் அந்த வயரில் போகாது.

தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருவதுபோல் ஒலிக்கும் டால்பி அட்மாஸ் விஷயத்தில் விலை உயர்ந்த ஆப்பிள்தான் சறுக்குகிறது. ஃபயரும் குரோம்காஸ்டும் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸுக்குள் வைத்து அனுப்புவதால் சாதாரண ஏஆர்சி (டிவியில் இருந்து சவுண்ட்பாருக்குச் சத்தத்தைத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ) துளையிலேயே சவுண்ட்பார் வரை போய்ச் சேரும். ஆப்பிள் அதைப் பிரித்து, சுருக்காத வடிவில் அனுப்புகிறது. அதற்கு ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். சில டிவிகள் நடுவில் மாற்றிக் கொடுக்கும், பல கொடுக்காது. ஏஆர்சி மட்டும் உள்ள டிவியோடு, அட்மாஸுக்காகவே 14,900 ரூபாய் விலையில் அறிமுகமான ஆப்பிளை வாங்குவது சரியான கணக்கில்லை.

ஏஆர்சியே இல்லாத டிவி, பழைய ஆம்பிளிஃபையர் என்றால் மி பாக்ஸ் ஒரு வழி தருகிறது. அதன் 3.5 மிமீ துளை ஹெட்ஃபோனுக்கு மட்டுமல்லாமல் ஆப்டிகலுக்கும் ஆகும், முனை சிறிய ஆப்டிகல் வயர் வேண்டும்.

ஒரே ரிமோட்டில் எல்லாம் வேலை செய்ய டிவியில் சிஇசி (எச்டிஎம்ஐ வயர் வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) இயங்க வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். போட்டும் கேட்கவில்லையா? டிவி, பெட்டி, சவுண்ட்பார் மூன்றையும் பிளக்கில் இருந்தே பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு, டிவியை முதலில் போடுங்கள்.

எச்டிஎம்ஐயே இல்லாத டிவி

2006க்குப் பின் தமிழக அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. மஞ்சள், வெள்ளை வயர் துளைகள் மட்டும். கடையில் கிடைக்கும் எச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர் போதும், அதற்கும் தனியாக 5 வோல்ட் கொடுக்க வேண்டும். எந்தத் திசையில் மாற்றுகிறது என்று பார்த்து வாங்குங்கள். ஏவி டு எச்டிஎம்ஐ என்பது தலைகீழ், அளவும் பெட்டியும் ஒன்றுபோலவே இருக்கும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் சின்ன சுவிட்ச் இருக்கும், அமெரிக்க ஒளிபரப்பு முறையான என்டிஎஸ்சியில் (NTSC) இருந்து நம் நாட்டு முறையான பால் (PAL) பக்கம் தள்ளினால் நிறம் வந்துவிடும். இந்த வேலைக்கு மலிவான 1080பி ஸ்டிக் ஒன்றே போதும்.